மாடி ரூமுக்கு லினக்ஸ் வந்தது

ஆஷா: ...இந்த "மாதிரி" கீதிரியெல்லாம் வேண்டாம்ணே. லினக்ஸ்ல என் மார்க்கர் ஓடுமா, ஓடாதா? அதைச் சொல்லுங்க.

அருள்செல்வன்: ஓடற மாதிரி...

ஆஷா: பாத்தீங்களா, திரும்பவும் மாதிரி!

அருள்செல்வன்: சித்தெ பொறுங்க ஆஷா. நேத்து தொறக்கவே இல்லீங்க. இன்னைக்குத் தொறந்துட்டு உடனே மூடிக்குது. அது முன்னேற்றந்தானுங்களே?

ஆஷா: ஐசியூ வாசல்ல டாக்டருங்க இப்படித்தான் பேசுவாங்க. அப்புறம் ஒரு பேப்பரை நீட்டி, கையெழுத்துப் போடுங்கம்பாங்க.

அருள்செல்வன்: உங்க வாயில நல்லதே வராதுங்களா?

ஆஷா: வரும், வரும். மூச்சு இழுக்காத அன்னைக்கு வரும்.

அருள்செல்வன்: மொத நாளு நீங்க மார்க்கருன்னதும் நான் எழுதற பேனான்னுல்ல நெனச்சேன்...

ஆஷா: நெனச்சதோட விட்டீங்களா? சட்டைப் பையில இருந்து பச்சை மார்க்கரை எடுத்து, "என்கிட்ட ஒன்னு இருக்குதுங்க, வெச்சுக்கங்க"ன்னு நீட்டுனீங்களே!

அருள்செல்வன்: கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்கறவனுக்கு பனியன் வெட்டற வித்தை எப்படிங்க தெரியும்? முன்பக்கம், முதுகு, கை, காலரு... எல்லாத்தையும் துணிமேல எப்படி அடுக்குனா துணி வீணாகாதோ அப்படிக் கம்ப்யூட்டர்ல அடுக்கி, பாய் மாதிரி நீளமா பேப்பர்ல அடிச்சுக் குடுக்கறது. இப்பல்ல தெரியுது.

ஆஷா: தெரிஞ்சு என்ன செய்ய? ஓட வைங்க. இது ஓடலைன்னா எனக்கு இந்த ரூம்ல என்ன வேலை இருக்கு? மொதலாளி கீழ செக்கிங் டேபிளுக்குப் போன்னுருவாரு. பஞ்சுக்குள்ள.

அருள்செல்வன்: டாக்டர் எழுதிக் குடுத்ததைக் காட்டுனா...

ஆஷா: டாக்டர் எழுதிலாம் குடுக்கல. எக்ஸ்ரேயை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. "இனியும் பஞ்சுப் பக்கம் போறதா இருந்தா என்கிட்ட வராதேம்மா, எனக்குக் கெட்ட பேரு"ன்னாரு. அவ்வளவுதான்.

அருள்செல்வன்: உஸ்...

ஆஷா: என்னண்ணே?

அருள்செல்வன்: படியில செருப்புச் சத்தங்க. உங்க மொதலாளி வர்றாரு.

ஆறுமுகசாமி: ஏந்தம்பி அருளு! பாத்தியா இதை? பாரு, பாரு. வெளிநாட்டுத் தபாலு. என்ர பேருக்கு, கம்பெனி விலாசத்துக்கு. "மிஸ்டர் ஆறுமுகசாமி, வேலம்பாளையம், திருப்பூர்." ஒத்தப் பைசா வாங்காம, அங்கிருந்து ஒருத்தன் எனக்கு லினக்ஸ் சிடி அனுப்பி வெச்சிருக்கான்!

அருள்செல்வன்: யாரு கேட்டாலும் அனுப்புவாங்கண்ணா. நான்தான் நெட்டுல உங்க பேரு போட்டு...

ஆறுமுகசாமி: நீ சும்மா இரு தம்பி. யாரு கேட்டாலும் அனுப்பறதுக்கு அவனுக்கென்ன கிறுக்கா? எக்ஸ்போர்ட்டருன்னு விசாரிச்சிருப்பான்.

ஆஷா: பின்ன! விசாரிக்காம இருப்பாங்களா?

ஆறுமுகசாமி: அம்மிணிக்குப் புரியுது பாரு. சரி, இதைப் போட்டா என்ன கலர்ல வரும்?

அருள்செல்வன்: பழுப்புங்ணா. இந்த மெஷின்ல என்ர சிடியில இருந்து போட்டிருக்கறது அதுதானுங்க. பாருங்க.

ஆறுமுகசாமி: ஐயய்யோ... இதென்றா கலரு? நொய்யல்ல சாயத்தண்ணி போற மாதிரி. ஆடிட்டுக்கு வர்றவன் பாத்தான்னா வேற எதையாச்சும் கேட்டுப்போடுவான். வேற இல்லையா?

அருள்செல்வன்: இன்னொன்னு இருக்குதுங்க. செகப்புத் தொப்பி படம் போட்டது. கம்பெனிகள்ல எல்லாம்...

ஆறுமுகசாமி: செகப்பா? வேண்டாஞ்சாமி! யூனியன்காரன் ஆபீசுக்குள்ள வந்து சேர் போட்டு உக்காந்த மாதிரி இருக்கும்.

அருள்செல்வன்: இதுங்க எல்லாமே ஒரே குடும்பந்தானுங்ணா. ஊரூருக்கு இருக்கறவங்க சேந்து செய்யறாங்க, இது எல்லாருக்கும் பொது. யாரு வேணும்னாலும் உள்ள பிரிச்சுப் பாக்கலாம், மாத்தலாம், அடுத்தவனுக்குக் குடுக்கலாம். மொதலாளின்னு ஒருத்தரும் இல்லீங்க.

ஆறுமுகசாமி: மொதலாளியே இல்லையா? அப்ப சம்பளம் ஆரு குடுப்பா?

அருள்செல்வன்: நெறையப் பேரு சம்பளம் வாங்காமத்தானுங்க செய்யறாங்க.

ஆறுமுகசாமி: அப்பிடியா! கேட்டுக்கோ அம்மிணி. சம்பளமில்லாம இத்தனை பேரு ராப்பகலா ஒழைக்கறாங்களாமா. இங்க ஒரு மணி நேரம் எச்சா நில்லுன்னா மூஞ்சியத் தூக்கிக்கறீங்க.

ஆஷா: அவங்க வீட்டுல உக்காந்துட்டுப் பண்ணுவாங்க மொதலாளி. அங்க பஞ்சு பறக்காதுல்லா.

ஆறுமுகசாமி: பேச்சுக்கு ஒன்னும் கொறச்சலில்ல. வேற என்ன தம்பி வெச்சிருக்கற?

அருள்செல்வன்: நம்ம நாட்டுலயே செஞ்சது ஒன்னு இருக்குதுங்க. தமிழ்லயும் வரும். பேரு பாஸ்.

ஆறுமுகசாமி: என்னது?

அருள்செல்வன்: பாஸ்ங்க. இங்கிலீசுல மொதலாளிய பாஸும்பாங்களே, அந்த பாஸ்.

ஆறுமுகசாமி: அதையே போடு. இத்தனை நேரம் அதை எங்க ஒளிச்சு வெச்சிருந்த? பேரைக் கேட்டாலே தெரியுதுல்ல, நல்ல சாமானமுன்னு. எக்ஸ்போர்ட்டருங்க சங்கத்துல அடுத்த வாரம் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்காங்க, தெரியுமா? "மென்பொருள் விடுதலை"ன்னு தலைப்பு. "அந்நியன் பூட்டிய விலங்கை வேலம்பாளையத்தில் உடைத்தேன்"னு ஆரம்பிக்கலாமுன்னு இருக்கறேன். எப்பிடி?

அருள்செல்வன்: நல்லா இருக்குதுங்ணா. ஆனா அந்நியனுக்கு நாம காசே குடுக்கலீங்களே. விண்டோஸும் காப்பி, அம்மிணியோட மார்க்கரும் காப்பி...

ஆறுமுகசாமி: அதையெல்லாம் மேடையிலயா சொல்லுவாங்க? ஆடிட்டுக்காரன் கண்டுபுடிக்காம இருந்திருந்தா நானும் பேசாம இருந்திருப்பேன். எல்லாம் இந்தம்மிணி பண்ணுன வேலை.

ஆஷா: நான் என்ன மொதலாளி பண்ணுனேன்? நீங்க சொன்னதைத்தானே சொன்னேன்.

ஆறுமுகசாமி: என்ன சொன்னேன்?

ஆஷா: நம்ம துணி வாங்குற பையர் ஆபீசுல இருந்து ஆளு வருவாரு, எல்லாரும் குளிச்சுட்டு வாங்க, மாஸ்க் போடுங்க, என்ன கேட்டாலும் சிரிச்ச மொகமா "எஸ் சார்"னு சொல்லுங்கன்னு கீழ வரிசையா நிக்க வெச்சுச் சொல்லிக் குடுத்தீங்க. அவரு இங்கிலீசுல என்னமோ கேட்டாரு. நான் எஸ் சார்ன்னேன்.

ஆறுமுகசாமி: "இதெல்லாம் திருட்டுக் காப்பியா"ன்னு கேட்டானம்மா அவன்!

ஆஷா: சிரிச்சுக்கிட்டே கேட்டாரே! பாத்ரூம் சுத்தமா இருக்கான்னு கேக்குறாருன்னு நெனச்சேன்.

ஆறுமுகசாமி: கேட்டியா தம்பி கூத்த? அமெரிக்காவுல பேங்கு கவுந்து, கைக்கு வர்ற ஆர்டரே பாதியாப் போச்சு. இருக்கற ஒரு பையருக்கிட்ட, ஆமாங்க சாமி நாங்க திருடனுங்கதான்னு பல்லைக் காட்டிட்டு நின்னிருக்குது. திருட்டுக் காப்பிய பூரா எடுக்கச் சொல்லி அவன் கெடு வெச்சுட்டுப் போயிட்டான். நாளைக்கு மறுபடியும் வர்றான். ஏம்மிணி, நாளைக்குக் கேட்டா என்ன சொல்லுவ?

ஆஷா: நோ சார்.

ஆறுமுகசாமி: பாத்ரூம் சுத்தமா இருக்கான்னு கேட்டா?

ஆஷா: ...நீங்களே சொல்லிருங்க மொதலாளி.

ஆறுமுகசாமி: நீ வாயே தொறக்க வேண்டாம். சித்தெ இரு, போன் அடிக்குது. ஹலோ... ஆமா ஆத்தப்பா, சொல்லு. தீயணைக்கற சிலிண்டரு பக்கத்துக் கம்பெனியில குடுத்துட்டாங்களா? குடுத்துட்டாங்களா, சரி. அவங்க பேரு மேல நம்ம ஸ்டிக்கரை ஒட்டிப்போடு. மாஸ்க்கு? பழசே போதும், தொவைச்சு வை. சாயங்காலம் எல்லார்த்துகிட்டயும் எண்ணித் திருப்பி வாங்கிப்போடணும், ஊட்டுக்குக் கொண்டுட்டுப் போயிருவாங்க... சரி, வை.

ஆஷா: மொதலாளி, அந்த மாஸ்க்க தெனமும் போட்டுக்கிட்டா என்ன? கீழ இருக்கவங்களுக்கு...

ஆறுமுகசாமி: தெனமும் போட்டா அழுக்காயிருமுல்ல? அப்பறம் ஆடிட்டுக்கு எதைப் போடறது? உனக்கென்ன கவலை, உன்னைத்தான் ஏசி ரூம்ல உக்கார வெச்சிருக்கறேன்ல? தம்பி, உனக்குத் தெரியாது. தூத்துக்குடிப் பக்கமிருந்து பொழைக்க வந்த புள்ள. ஓவர்லாக் மெஷின்ல தெச்சுட்டு இருந்துச்சு. மூச்சு இழுத்துட்டுத் துணிக்கட்டு மேல சாஞ்சு கெடந்துச்சு. பாத்தேன். கம்ப்யூட்டர் பழக்கி மேல உக்கார வெச்சேன். இதையும் சங்கத்துல பேசலாமுன்னு இருக்கறேன்.

அருள்செல்வன்: பேசுங்கண்ணா. விடுதலைக்கு அப்பறம் வெச்சுக்கலாமுங்க.

ஆறுமுகசாமி: மார்க்கரு என்னாச்சு? லினக்ஸ்ல ஓடுதா?

அருள்செல்வன்: பாத்துட்டே இருக்கறனுங்ணா... ஒரு வழி தெரியற மாதிரி இருக்குதுங்க.

ஆறுமுகசாமி: தேடு தம்பி. நல்லாத் தேடு. அவசரமே இல்ல. ஏம்மிணி, கோடை சீசன் ஸ்டைலுக்கு மார்க்கரு போடறது எங்க நிக்குது?

ஆஷா: கடைசி ஸ்டைல் அந்த விண்டோஸ் மெஷின்ல இருந்து ப்ளாட்டர்ல அடிச்சுக்கிட்டு இருக்கு மொதலாளி. மத்ததெல்லாம் முடிஞ்சிட்டு. அந்தா, ரோல் ரோலா மூலையில சாத்தி வெச்சிருக்கேன்.

ஆறுமுகசாமி: பூராவுமா?

ஆஷா: பூராவும்.

ஆறுமுகசாமி: கெட்டிக்காரி. சரி... நான் காதர்பேட்டை வரைக்கும் போயிட்டு வந்தர்றேன். நீங்க வேலையப் பாருங்க.

ஆஷா: ...போயிட்டாரா?

அருள்செல்வன்: ம். எறங்கீட்டாருங்க.

ஆஷா: பாத்தீங்களா? கெட்டிக்காரின்னாரு. இந்த ரூமுக்கு வந்ததுல இருந்து அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல.

அருள்செல்வன்: ஆஷா...

ஆஷா: என்னண்ணே?

அருள்செல்வன்: ஒன்னு சொல்றனுங்க. கோவிச்சுக்கக் கூடாது.

ஆஷா: சொல்லுங்க.

அருள்செல்வன்: மார்க்கரு ஓடாதுங்க. தொறந்துட்டு மூடுதுன்னது பொய்ங்க. அது தொறக்கவே இல்ல. இந்த சாப்ட்வேருக்கு ஒரு பூட்டு உண்டு. எவனோ அதை ஒடச்சு வித்த காப்பிதான் இங்க இருக்கறது. ஒடச்ச பூட்டு விண்டோஸ்ல மட்டுந்தான் வேலைக்கு ஆகும். லினக்ஸ்ல ஆகாது. அப்பிடியே ஓடுனாலும் அது திருட்டு மார்க்கருதானுங்களே. ஆடிட்டுக்காரன் அதையும் எடுக்கச் சொல்லுவான். மொத நாள் மத்தியானமே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

ஆஷா: பொறவு எதுக்கு தெனம் வந்தீங்க?

அருள்செல்வன்: கீழ செக்கிங்ல போயி நின்னு பாத்தனுங்க. பொடவை மேல, தலைமுடியில, கண்ணிமையில எல்லாம் பஞ்சு. எனக்கே இருமல் வந்துருச்சு. ஓடாதுன்னு நான் சொல்லீட்டா அன்னைக்கே உங்களை எறக்கியுட்டுருவாரு. தேடறேன்னு சொல்லீட்டு இருந்தா நீங்க இங்கயே இருக்கலாமுல்ல?

ஆஷா: ம்.

அருள்செல்வன்: அழுவாதீங்க. அழுதா இழுக்கும்.

ஆஷா: அழல. எனக்கும் தெரியும்ணே.

அருள்செல்வன்: என்னது தெரியும்?

ஆஷா: ஓடாதுன்னு. நீங்க சாப்பிடப் போனப்ப நெட்டுல சாப்ட்வேர் பேரையும் லினக்ஸையும் சேத்து அடிச்சுப் பாத்தேன். எந்த ஊர்க்காரனோ நம்மள மாதிரியே கேட்டு வெச்சிருந்தான். ஓடாது, விட்டுருன்னு நாலு பேரு பதில் போட்டிருந்தாங்க. அதுல ஒருத்தன் சிரிக்கிற பொம்மை வேற போட்டிருந்தான்.

அருள்செல்வன்: தெரிஞ்சுட்டேவா தெனமும் ஓடுமா ஓடுமான்னு என்னைக் கொடஞ்சீங்க?

ஆஷா: கேக்காம இருந்தா உங்களுக்குச் சந்தேகம் வந்துரும்லா? நீங்க போயிட்டா நானும் போகணும். அதுக்குள்ள கோடை சீசன் பூராவும் போட்டு முடிச்சுட்டா... இவ்வளவு வேலை செய்யுத பொண்ணைக் கீழ அனுப்ப மனசு வருமான்னு நெனச்சேன். வேற எதுலயாவது உக்கார வைப்பாருன்னு. லெட்டர் அடிக்க, மெயில் பாக்க... அதுக்கெல்லாம் லினக்ஸ் போதும்தானே?

அருள்செல்வன்: தாராளமா போதுங்க. நானே பழக்கியுடறேன். ரெண்டே நாளு.

ஆஷா: அப்ப நாளைக்கு ஆடிட் முடிஞ்சதும், இன்னும் கொஞ்சம் தேடணும்னு சொல்லுங்க. பழகிக்கிடுதேன்.

அருள்செல்வன்: சொல்றனுங்க.

ஆஷா: மாதிரியெல்லாம் போடாம, தெளிவா சொல்லணும்.

அருள்செல்வன்: ஓடற... சரி, சரி, சிரிக்காதீங்க. ஐயோ... அண்ணா? நீங்க எப்ப...

ஆறுமுகசாமி: செல்போன வெச்சுட்டுப் போயிட்டேன். அந்தா, ப்ளாட்டர் மேல. எடு.

அருள்செல்வன்: இந்தாங்கண்ணா. அதுவந்துங்க... இன்னும் ரெண்டு நாள் தேடுனா மார்க்கரு கட்டாயம்...

ஆறுமுகசாமி: தேடுனது போதும் தம்பி. ரெண்டு மெஷினையும் சுத்தமா அழிச்சுட்டு பாஸை ஏத்திப்போடு. ஓடாதுன்னு எனக்கும் தெரியும். இந்த லினக்ஸ் பேச்ச எடுத்த அன்னைக்கே நம்மூரு ராயபுரத்து மார்க்கர் சென்டர்க்காரன் சொல்லிப்போட்டான். இனி நமக்கு அவன்தான் கூலிக்கு மார்க்கரு போட்டுத் தரப்போறான். அம்மிணி கீழ செக்கிங்குக்குப் போகட்டும்.

அருள்செல்வன்: தெரிஞ்சேவா என்னைத் தேடச் சொன்னீங்க?

ஆஷா: விடுங்கண்ணே.

அருள்செல்வன்: இல்லீங்க, கேக்கறேன். எதுக்குங்ணா?

ஆறுமுகசாமி: அன்னைக்கே கீழ எறங்குன்னு சொல்லியிருந்தா அம்மிணி அழுதுட்டு உக்காந்திருக்கும், கோடை சீசன் அப்பிடியே நின்னிருக்கும். நீ தேடற வரைக்கும் அது கை ஓடுமுன்னுதான் விட்டு வெச்சேன்; பூராவும் முடிச்சுக் குடுத்திருச்சு, பாரு. இதுல என்ன தம்பி தப்பு? ஓடும்னு நான் எப்பச் சொன்னேன்? தேடுன்னுதானே சொன்னேன்.