பச்சைப் பட்டைக் கடிகாரம்

“நீதாம்ளா சொல்லியிருக்கே. மார்கழியில மெட்ராஸ்ல எம் பிள்ளையப் பாத்துட்டு வந்தது நீ ஒருத்திதான்.”

“பாத்தேன்க்கா. பாத்தா சொல்லிருவனா?”

“சொல்லாமத்தான் அம்பாசமுத்திரத்துக்காரிக்குத் தெரிஞ்சுதாக்கும். வந்த சம்பந்தம் ஒன்னால போச்சுளா.”

எங்கள் பேட்டைத் தெருவின் நடுவில் நின்று நஃபீஸத்தும் அவள் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த தனலட்சுமியும் இப்படிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொதுவாகச் சண்டை பிடிக்காது. சத்தம் கேட்டால் சன்னலைச் சாத்திவிடுவேன். அன்றைக்குச் சன்னல் கம்பியில் ஈரச் சேலை கிடந்தது, சாத்த முடியவில்லை. சேலையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்தேன். காற்று வரவேண்டுமே.

தனலட்சுமி அழ ஆரம்பித்ததும் மனசு கேட்கவில்லை. இறங்கிப் போய் இருவருக்கும் நடுவில் நின்றேன். “விடுங்களா. சொன்னவங்கள அல்லா பாத்துக்கிடுவான்” என்றேன். இருவரும் அடங்கினார்கள். ஆசியா உம்மாள் வந்தால் தெருவில் சண்டை நிற்கும் என்று எனக்குப் பெயர்.

சொன்னது நான்தான். ஆனால் அதைத் தொடக்கத்திலிருந்து கேட்டால்தான் உங்களுக்கு நியாயம் புரியும்.

நஃபீஸத்தின் மகள் ஷம்ஸியா, இருபத்தாறு வயசு, சென்னையில் ஒரு மொழிபெயர்ப்புக் கம்பெனியில் வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸும் ஹாஸ்டலும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துவிட்டால் பிள்ளையைப் பிடிக்க முடியாது. ஒரு வாரம் நாடகம். இரண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணிநேரம் பேசாமல் இருந்தார்களாம், ஜனம் எழுந்து நின்று கைதட்டியதாம். எங்கள் வீட்டு மனுசரும் நானும் இருபது வருசமாக அதைத்தான் செய்கிறோம், ஒருத்தரும் கைதட்டவில்லை. இன்னொரு வாரம் மொட்டைமாடியில் பாய் விரித்துக் கவிதை வாசிப்பு. கடற்கரையில் பறையடித்தால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இவளும் ஆடுவாள். மார்கழியில் கச்சேரி, பாடகியின் படம் ஒன்று, கேன்டீன் அடையின் படம் ஆறு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவள் ஸ்டேட்டஸில் வைப்பாள். வீட்டார் யாருக்கும் தெரியாதபடி மறைத்துவிட்டு வைப்பாள். எங்கள் தெருவில் அதைப் பார்க்க முடிந்தது நான் ஒருத்திதான். “ஒங்களுக்கு ரசனை இருக்கு மாமி. உம்மாகிட்ட மட்டும் சொல்லிராதிய” என்று அவளே சொன்னாள். இன்றுவரை நஃபீஸத்திடம் ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

ஸ்டேட்டஸ் ஒரு நாளில் மறைந்துவிடுகிறது. எனக்கு அது பொறுக்காது. ஒவ்வொன்றையும் எடுத்துச் சேமித்து வைத்தேன், நானூறுக்கு மேல் இருக்கும். சாயங்காலம் டீயோடு ஒரு தடவை முதலிலிருந்து பார்த்துவிட்டால் நானே போய்வந்த மாதிரி இருக்கும். அப்படிப் பார்க்கும்போதுதான் கவனித்தேன். பாதிப் படங்களில் ஓரமாக ஒரு கை வரும். டிக்கெட்டை நீட்டும், அடையைப் பிய்க்கும். முகம் வராது. மணிக்கட்டில் பச்சைப் பட்டை போட்ட கடிகாரம்.

எங்கள் பக்கம் பெண் கேட்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தெருவில் வந்து விசாரிப்பார்கள். எங்கள் தெருவுக்கு வருகிறவர்கள் முதலில் தட்டுவது என் கதவைத்தான். அம்பாசமுத்திரத்திலிருந்து சல்மான் ஃபாரிஸின் உம்மாவும் அப்படித்தான் வந்தார். மகன் சென்னையில் இன்ஜினியர், தரகர் மூலமாக வந்த இடம், பெண் எப்படி என்றார். செல்லில் மாப்பிள்ளை போட்டோவையும் காட்டினார். நல்ல களையான பையன்.

நன்னாரி சர்பத் கொடுத்துவிட்டு உள்ளதைச் சொன்னேன்.

“பிள்ள தங்கம். நாடகம், கச்சேரின்னு போவா. தனியாப் போமாட்டா, தொணைக்கு ஒரு பையன் உண்டும். நல்ல பையனாத்தான் இருப்பான்.”

அவருக்குத் திருப்தியாக இருக்கட்டுமே என்று கேன்டீன் படத்தை எடுத்து, இரண்டு விரலால் அந்தக் கையைப் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். சர்பத் டம்ளரைக் கீழே வைத்தார்.

“இந்த வாச்சு எந் தம்பி துபாய்லேர்ந்து எம் மவனுக்குக் கொண்டாந்தது.” செல்லை என் பக்கம் தள்ளிவிட்டு, “அவனாப் பாத்து வச்ச பொண்ண நான் ஊரு தாண்டி வந்து விசாரிச்சிட்டிருக்கேன். என்னைய என்னன்னு நெனச்சிட்டான்?” என்றார்.

அன்றைக்குச் சாயங்காலமே தரகர் வந்து சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணத்தையும் சொன்னார், நாடகம், கச்சேரி, கூட வந்த பையன் என்று. அந்தப் பையன் யார் என்பதை மட்டும் அம்பாசமுத்திரத்தம்மாள் மானம் கருதி விட்டுவிட்டார். ஷம்ஸியாவின் வாப்பா ராத்திரி பஸ் ஏறிப் போய் மகளைப் பெட்டியோடு அழைத்து வந்தார். வேலையை விடவைத்தார்கள். ஐந்து மாதம் பிள்ளை எதிர்வீட்டில் இருந்தாள். ஸ்டேட்டஸில் ஒன்றும் வரவில்லை. அதனால் எனக்கு ஒன்றும் குறைவில்லை, மாடியில் துணி காயப்போட வரும்போது நேரிலேயே பார்த்துக்கொண்டேன். கொஞ்சம் மெலிந்திருந்தாள்.

தனலட்சுமி விஷயத்திலும் நான் பொய் சொல்லவில்லை. கச்சேரி கேன்டீனில் ஷம்ஸியாவைப் பார்த்ததை அவள் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். யார் சொல்லியிருப்பார்கள் என்று நஃபீஸத் தலையில் கைவைத்துக் கேட்டபோது, “மார்கழியில தனலட்சுமி மெட்ராஸ் போயிருந்தாள்லா, அங்கன ஒம் பிள்ளையப் பாத்தாளாம்” என்றேன். அவ்வளவுதான். மற்றதை நஃபீஸத் தானே கூட்டிக்கொண்டாள். அந்த மாதமே தனலட்சுமி வீட்டைக் காலி செய்து சென்னையில் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். சாமான் கட்ட என் கொடிக்கயிற்றைத்தான் கொடுத்தேன்.

ஏன் செய்தேன் என்றால், அந்தப் பிள்ளையின் சந்தோஷத்துக்காக. இந்தத் தெருவில் கல்யாணமான எந்தப் பெண் நாடகம் பார்த்தாள்? புருஷன் வீட்டுக்குப் போனால் பறையும் கிடையாது, பாயும் கிடையாது. அதைத் தடுக்க என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஆனால், மாப்பிள்ளை போட்டோவைக் காட்டியபோதே அவன் மணிக்கட்டில் அந்தப் பச்சைப் பட்டையைப் பார்த்துவிட்டேன். அவளை நாடகத்துக்கும் கச்சேரிக்கும் கூட்டிப்போனவன் அவன்தான், தரகரை ஏற்பாடு செய்ததும் இவர்கள் இரண்டு பேரும்தான் என்பதும் சர்பத் கலக்கும்போதே புரிந்துவிட்டது. கலக்கிக் கொடுத்துவிட்டுத்தான் படத்தைத் தேடி எடுத்தேன். என்ன அடை தின்றாள் என்பது வரைக்கும் எனக்குக் காட்டினவள், இதை மட்டும் காட்டவில்லை. என் தெருவில் ஒரு கல்யாணம், எனக்குத் தெரியாமல்.

போகட்டும், எல்லாம் நன்றாகவே முடிந்தது. மகன் சாப்பாட்டில் கைவைக்காமல் இருந்து பார்த்ததில் அம்பாசமுத்திரத்தம்மாளின் கோபம் ஆறிவிட்டது. இரண்டாம் தடவை வந்தபோது என் கதவைத் தட்டவில்லை, நேரே நஃபீஸத் வீட்டுக்குப் போனார். ஒரு மணிநேரம் பேசினார்கள். அவள் வீட்டுச் சன்னலைச் சாத்தியிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப்பிறகு அந்தச் சன்னலைத் திறப்பதே இல்லை, வெயில் அடிக்கிறதாம்.

ஆவணியில் நிக்காஹ். தெருவே வேன் பிடித்து அம்பாசமுத்திரம் போனது. சென்னையிலிருந்து தனலட்சுமியும் வந்திருந்தாளாம். நஃபீஸத் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். கல்யாண அவசரத்தில் எனக்குச் சொல்ல விட்டுப்போயிருக்கிறது. ஷம்ஸியாவுக்குப் பழைய வேலையே கிடைத்து, புருஷனும் பெஞ்சாதியும் சென்னையில்தான் இருக்கிறார்கள். சனிக்கிழமை தவறாமல் நாடகம், கூடத் தனலட்சுமியும் போகிறாளாம். இப்போது ஸ்டேட்டஸைத் தெருவே பார்க்கிறது, நஃபீஸத் உள்பட.

என் செல்லில் மட்டும் வருவதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் ஷம்ஸியாவுக்கு ஸலாம் அனுப்புகிறேன், ஏழு மாதமாக ஒற்றை டிக்கோடு நிற்கிறது. சென்னையில் டவர் சரியில்லை போலிருக்கிறது.