கலங்காத குழாய்

கதவைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள் ஐயா, ஓடிவிட மாட்டேன். பூட்டிய அறையில் எனக்கு மூச்சு முட்டும், வேறொன்றுமில்லை.

என் வேலையைக் கேட்டீர்கள். கோழித்தீவன ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் பாக்டீரியா வளர்க்கிறேன். லைசின் என்று ஒரு சத்து. அது இல்லாமல் உடம்பில் சதை பிடிக்காது. எங்கள் பாக்டீரியாவுக்கு அதைத் தானாகத் தயாரிக்கத் தெரியாது, நாம்தான் கொடுக்க வேண்டும். தீவனத்தைச் செரிக்கவைத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அவற்றை உள்ளே விடுவேன். சத்து கிடைத்தால் பெருகும், குழாய் கலங்கும். கிடைக்காவிட்டால் தெளிவாகவே நிற்கும். ஊரில் எல்லோரும் கலங்காதே என்பார்கள், எங்களுக்கோ கலங்கினால்தான் நல்ல சேதி. சாப்பாட்டில் ஒரு குறை இருந்தாலும் முறுக்கிக்கொள்வதால் மேலாளர் அவற்றுக்கு மாப்பிள்ளைகள் என்று பெயர் வைத்திருந்தார். காலையில் வந்ததும், "மாப்பிள்ளைங்க சாப்பிட்டாங்களாம்மா?" என்றுதான் கேட்பார்.

இயந்திரச் சூட்டில் தீவனத்துச் சோயா மாவு கருகினால் லைசின் சர்க்கரையோடு ஒட்டிக்கொள்ளும். ரசாயனச் சோதனையில் அது இருப்பதாகவே வரும், வயிற்றுக்குத்தான் கிடைக்காது. அந்தக் குட்டை உடைப்பவர்கள் மாப்பிள்ளைகள்தான்.

அப்பா அம்மா போனபிறகு என்னை ஆளாக்கியது அண்ணன். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. வேலைக்கு மட்டும் அனுப்புவார். நான் வீடு திரும்பியதும் வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போவார். திரும்பி வந்து அவர் பூட்டைத் திறக்கிற சத்தத்திலேயே அன்று எனக்கு என்ன காத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். சுவரோடு ஒட்டி நின்றுவிடுவேன் ஐயா.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. சாவியை எடுத்து ஆணியில் மாட்டினேன். மருத்துவர் சோயாக் கஞ்சி கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். வாழ்க்கையில் நான் நிம்மதியாகத் தூங்கியது அப்போதுதான். கை கால் பயிற்சி கொடுக்க வந்த பெண், "பயப்படாதீங்கக்கா. இப்படியே சத்தா சாப்பிட்டா எழுந்து நடந்துடுவாரு" என்றாள்.

அன்று கஞ்சி ஊட்டும்போது அண்ணனின் கை மெல்ல நகர்ந்து தன் இடுப்பைத் தடவியது. அங்கே எதுவும் இல்லை. வாயைக் கோணிக்கொண்டு, "சாவி" என்றார். நோய் வந்தபிறகு அவர் பேசிய முதல் வார்த்தை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நான் விஷம் வைக்கவில்லை. நீங்கள் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. கோழிக்கு ஆகாதென்று நானே ஒதுக்கிய கருகல் மாவு பரிசோதனைக்கூடத்தில் மூட்டையாகக் கிடந்தது. அதைக் கொண்டுவந்து கஞ்சி காய்ச்சினேன். அதைத் தவிர வேறெதுவும் கொடுக்கவில்லை, ஆனால் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. வயிறு நிறையத்தான் ஊட்டினேன். எழுந்திருக்காமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

தோள் இறங்கியது. தொடை குச்சியானது. பக்கத்து வீட்டு அக்கா, "பெத்த தாய்கூட இப்படிப் பாத்துக்க மாட்டா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பயிற்சிப் பெண் மட்டும் கிண்ணத்தை முகர்ந்து, "என்னக்கா, அடிப்பிடிச்ச வாடை?" என்றாள். உங்களிடம் புகார் கொடுத்தவள் அவளாகத்தான் இருக்கும்.

அண்ணனின் கண் மட்டும் இளைக்கவில்லை. ஆணியில் தொங்கும் சாவியைப் பார்க்கும், பிறகு என்னைப் பார்க்கும். தெரிந்துவிட்டதோ என்று தோன்றும். அப்படியும் அடுத்த கரண்டியை ஊட்டுவேன். கடைசியில் காய்ச்சல் வந்தது. தாங்குவதற்கு அந்த உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. இப்போதும் யாராவது சாவிக்கொத்தை மேசையில் வைத்தால் எனக்குத் தூக்கிப்போடுகிறது.

தெரிந்தே செய்தாயா என்கிறீர்கள். ஆமாம். ஆனால் நான் கல்நெஞ்சக்காரி இல்லை. அந்தக் கஞ்சியை ஒருநாள் பரிசோதனைக்கூடத்துக்கு எடுத்துப்போய்ச் சோதித்தேன். அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார். மறுநாள் பார்த்தால் குழாய் தெளிவாகவே நிற்கிறது. மாப்பிள்ளைகள் பட்டினி. வாயில்லா ஜீவன்கள், என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை ஐயா. உடனே சுத்தமான லைசின் கரைசலை ஊற்றினேன். அந்தக் குழாய் கலங்கும்வரை நான் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.