பின்னோக்கி ஆடியவர்களும் பெல்ட்டைப் பிடித்தவர்களும்

நீட்டிப் பேசுகிறவர்களை நிமிடத்தில் உட்காரவைக்கும் நெஞ்சுரம் கொண்ட விழாத் தலைவர் அவர்களே! இரண்டு பேர் கைகோத்து ஆடுவதைப் படமெடுக்கப் போய், எங்கள் எல்லோரையும் ஆட்டிவைத்த இயக்குநர் அவர்களே! தன் மகளைக் கதாநாயகியாய்த் தந்துவிட்டு, படப்பிடிப்பு முழுக்க ஃபிளாஸ்க்கும் கையுமாய்க் காவலிருந்த தாயே! முன்வரிசையில் முழங்கால் வலியை மறந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பின்வரிசையில் "படத்தைப் போடுங்கய்யா" என்று பொருமிக்கொண்டிருக்கும் இளஞ்சிங்கங்களே! கேமராவைத் தோளில் சுமந்து கூன் விழுந்த இந்தத் தொழிலாளியின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியதாகுக!

காதலைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். நான் பயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய கவிஞர், "அன்பு கொண்ட நெஞ்சம் அஞ்சுமா?" என்று கேட்டார். அரங்கம் அதிரக் கைதட்டினீர்கள். மரியாதைக்கு நானும் தட்டினேன். ஆனால் கவிஞரே, அஞ்சாத நெஞ்சம் ஐந்தாவது மாடியில் என்ன செய்யும் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

படத்தின் கதை எளியது. பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கும் ஒரு பெண்ணும், புதுக் கட்டடங்களில் லிஃப்ட் பொருத்தும் ஓர் இளைஞனும், ஜோடி நடனம் கற்றுத்தரும் மாலை வகுப்பில் சந்திக்கிறார்கள். முடிவில், அவன் வேலை செய்யும் கட்டடத்தின் மொட்டைமாடியில், ஒரு பாட்டு முழுக்க, வெட்டே இல்லாத ஒரே ஷாட்டில் ஆடுகிறார்கள். நான் சொல்லப்போவது அந்தக் காட்சியைப் பற்றித்தான்.

ஜோடி நடனத்தில் ஆண் முன்னோக்கி வருவான், பெண் பின்னோக்கிப் போவாள். அவளுக்கு முதுகில் கண்ணா இருக்கிறது? அவன் கை அவள் முதுகில் இருக்கிறதே, அந்தக் கைதான் அவளுக்குக் கண்! நாயகனின் முகத்தை அவள் தோளுக்கு மேலாகக் காட்டவேண்டும் என்றார் இயக்குநர். அப்படியென்றால் கேமராவோடு நானும் அவளுக்குப் பின்னால் பின்னோக்கியே போகவேண்டும். எனக்கு மட்டும் முதுகில் கண்ணா இருக்கிறது? அதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பின்னோக்கி நடக்கும் கேமராக்காரனின் பெல்ட்டை ஒருவன் பிடித்துக்கொண்டு, போகும் திசையைப் பார்த்து நடப்பான். அவன் இழுத்தால் போவேன், அவன் நின்றால் நிற்பேன்.

என் பெல்ட்டைப் பிடிப்பவன் யார் தெரியுமா? என் மனைவியின் தம்பி. படப்பிடிப்பில் அவனுக்குத் 'தயக்கம்' என்று பெயர். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்தவன், திரும்பிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பான். லிஃப்டில் ஏறமாட்டான்.

"கயிறு அறுந்தா என்ன மாமா பண்றது?"

"அறுந்தா சேர்ந்தே போவோம், ஏறுடா!"

"நீங்க போங்க மாமா. நான் படியில வந்து விசாரிக்கிறேன்."

சிரிக்கிறீர்கள் அல்லவா? சிரியுங்கள், நாங்களும் அப்படித்தான் சிரித்தோம்.

தயக்கத்துக்கு ஒரு தோழனும் வந்து வாய்த்தான், எங்கள் கதாநாயகன். புதுமுகம், பூனை நடை. ஒத்திகை மண்டபத்தில் நாயகியின் முதுகில் கைவைக்கவே நடுங்கினான். அவள் காலை மிதித்துவிடுவோமோ என்று அரையடி அரையடியாக எடுத்துவைத்தான். மாடி எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்குத் தரையில் கோடு போட்டிருந்தோம். பாட்டு முடியும்போது, கோட்டுக்கு முன்னால் நாலு பேர் கால்நீட்டிப் படுக்கிற இடம் மீதி இருந்தது. தாராளம் என்றோம். போதும் என்றோம்.

கட்டடம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்தது. மொட்டைமாடியில் மூன்று பக்கம் கைப்பிடிச் சுவர் எழும்பிவிட்டது. நான்காவது பக்கம் வெறும் வானம். நாங்கள் அந்த வானத்தை நோக்கித்தான் பின்னால் போகவேண்டும். கீழே கட்டவேண்டிய வலை வந்து சேரவில்லை. "நாளைக்குக் கண்டிப்பா வந்துரும் சார், இன்னிக்கு ஒத்திகை மட்டும் பாத்துக்குங்க" என்றார் தயாரிப்பு நிர்வாகி. ஆனால் அன்றைய அந்தி வெளிச்சமோ அள்ளிக் குடிக்கலாம் போல இருந்தது! "நாளைக்கு வலை வரும், இந்த வெளிச்சம் வருமா? எடுத்துரலாம்" என்றார் இயக்குநர். யாராவது வேண்டாம் என்றோமா? இல்லை. ஒரே ஒருவன் என் காதோரம் வந்தான்.

"மாமா, வலை வரட்டுமே."

"ஒத்திகையில எவ்வளவு இடம் மிச்சம் இருந்துச்சு, பாத்தேல்ல? பேசாம பிடிடா."

நடன மாஸ்டர் நாயகனின் தோளைத் தட்டினார். "தம்பி, நீ அவளைக் காதலிக்கிறவன். காதலிக்கிறவனுக்குப் பயம் ஏதுப்பா? அவ கண்ணைவிட்டுப் பார்வையை எடுக்காதே. பயத்தை இங்கேயே கழட்டிப் போட்டுட்டு ஆடு!"

அவனும் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. கழற்றிப் போட்டுவிட்டான்.

பாட்டு தொடங்கியது. அவன் பறந்தான் ஐயா! கை நடுங்கவில்லை, கால் தயங்கவில்லை. அரையடி வைத்தவன் முழு அடி வைத்தான். அவள் முகம் மலர்ந்தது. "ஆகா, போ, போ!" என்று இயக்குநர் துள்ளியது என் காதில் விழுந்தது. கேமராவுக்குள் கண்ணை வைத்திருந்த எனக்கும் கண் கலங்கியது. அந்த ஆனந்தத்தில், நாங்கள் அளந்ததெல்லாம் ஒரு பயந்தவனின் அடிகளைத்தான் என்பது எவனுக்காவது உறைத்ததா? பாட்டு இன்னும் முடியவில்லை, மாடி முடியப் போகிறது! அவளால் பார்க்க முடியாது. என்னால் பார்க்க முடியாது. அந்தத் திசையைப் பார்த்து நிற்கும் நாயகனோ பார்க்கக் கூடாது!

பார்த்தவன் ஒருவன்தான், என் பெல்ட்டைப் பிடித்திருந்தவன். கத்தத் தொண்டையைத் திறந்திருக்கிறான், சத்தம் வரவில்லை. ஓடக் காலைத் தூக்கியிருக்கிறான், கால் வரவில்லை. சட்டென்று திரும்பி, என் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, அப்படியே முழங்காலில் விழுந்துவிட்டான். வீரத்தால் அல்ல ஐயா, பயத்தால்! நான் சுவரில் மோதியதுபோல நின்றேன். அவள் கேமராவில் மோதினாள், அவன் அவள்மேல் சாய்ந்தான், நான் கேமராவோடு பக்கவாட்டில் சரிந்தேன். குவியலாகக் கிடந்தோம். பாட்டு மட்டும் பாடிக்கொண்டே இருந்தது.

தலையைத் திருப்பிப் பார்த்தேன். முழங்காலிட்ட என் மைத்துனனின் பாதங்கள் இரண்டும் மாடிக்கு வெளியே அந்தரத்தில் இருந்தன. ஒரு காலில் செருப்பு இல்லை. அது கீழே போய்ச் சேர்ந்த சத்தம் அப்புறம்தான் கேட்டது. தாயே, நீங்கள் அன்று ஓடிவந்து மகளைத் தடவித் தடவிப் பார்த்தீர்களே, அந்த முகம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அன்றிரவு ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்த தம்பியைக் கண்டதும் என் மனைவிக்குப் புரிந்துவிட்டது. அவனைக் கேட்டாள், அவன் என்னைக் கைகாட்டினான். என்னைக் கேட்டாள், நான் சொன்னேன். சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நாளைக்கும் அங்கேதானா?"

"நாளைக்கு வலை வந்துரும்."

"இதையேதானே இன்னிக்கும் சொல்லிருப்பாங்க? கட்டினவனையும் கூடப் பிறந்தவனையும் ஒரே பெல்ட்டுல அனுப்பிட்டு நான் இங்கே சோறு வடிச்சுக்கிட்டு இருக்கணுமா? நானும் வர்றேன்."

வந்தாள். மறுநாள் வலையும் வந்தது, உண்மைதான். ஆனால் வலை வந்தால் பயம் போய்விடுமா? நாயகனின் கை பழையபடி நடுங்கியது. மாஸ்டர் வாயைத் திறக்கப் போனார். அந்தப் பெண் தடுத்தாள். "வேண்டாம் மாஸ்டர், நடுங்கட்டும். நேத்து இவர் என்னைப் பாத்தாரே தவிர பிடிக்கவே இல்ல. இப்பதான் பிடிச்சிருக்காரு."

கைதட்டவேண்டியது இதற்கல்லவா! காதலிக்கிறவனுக்குப் பயம் ஏது என்று இனி எவனாவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். இழக்க விரும்பாதவனுக்குத்தானே பயம்? பொருட்படுத்தாதவனுக்கு ஏது பதற்றம்? பயந்தவன் பார்த்து நடப்பான், பயந்தவன் பற்றிக்கொள்வான், பயந்தவன் பாதியில் விடமாட்டான்!

பாட்டு தொடங்கியது. நாயகன் அரையடி அரையடியாக வந்தான். அவன் கையில் அவள். அவளுக்குப் பின்னால் நான். என் பெல்ட்டில் தயக்கம். அவனுக்கும் அப்பால், படத்தில் வராத இடத்தில், தம்பியின் சட்டையை கையைப் பின்னால் நீட்டிக் கொத்தாகப் பிடித்தபடி, விளிம்பைப் பார்த்து நடந்தாள் என் மனைவி. பாட்டு முடிந்தபோது இடம் மீதி இருந்தது.

"கேமரா ஆடியிருக்கு, இன்னொரு தடவை போலாம்" என்றார் இயக்குநர். அப்புறம் எடுத்ததைப் போட்டுப் பார்த்தார். மறுபடியும் போட்டுப் பார்த்தார். "இதுவே இருக்கட்டும்" என்றார்.

அன்பர்களே! அந்தக் கடைசிக் காட்சியில் திரை லேசாக நடுங்கும். காற்று என்று நினைக்காதீர்கள். கேமராக்காரனுக்கு வயதாகிவிட்டது என்று கேலி பேசாதீர்கள். கணவனையும் தம்பியையும் ஒரே பிடியில் பிடித்துக்கொண்டு நடந்த ஒருத்தியின் நடுக்கம் அது. அவள் கையிலிருந்து தம்பிக்கும், தம்பியிடமிருந்து எனக்கும், என் தோளிலிருந்து உங்கள் கண்ணுக்கும் வரப்போகிறது.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், பொறுமையின்றியும் கேட்ட இளையோர்க்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. விளக்கை அணைக்கச் சொல்லித் தலைவர் கைகாட்டுகிறார். படம் முடிந்து படியிறங்கும்போது பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். வணக்கம்!