நாலு சட்டி பருப்பு

ஓம் தங்கச்சி, பஸ் முழுக்க மீன் மணம்தான். எனக்கும் மணக்குது. என்னட்டை இல்லை, இந்தா பாருங்கோ, இது பட்டர் கேக். குரோய்டனுக்குப் போறன், என்ர மகன் நிஷாந்துக்குப் பெண் கேட்டு. பெட்டை சிங்களம், பேர் சந்துனி. அவை புத்த சமயம், நாங்கள் மன்னார் வேதக்காரர், கத்தோலிக்கர். ஏன் முழிக்கிறீங்கள்? நானும் முதல்ல முழிச்சனான் தான்.

என்ர மனுசன் செபஸ்தியாம்பிள்ளை முழிக்கேல்லை, கதவைச் சாத்திப்போட்டார். அவற்ர தம்பி பீற்றரைச் சண்டைக்காலத்தில சிங்கள ஆமி பிடிச்சுக்கொண்டு போனது, ஆள் திரும்பி வரவேயில்லை. அந்த வீட்டு வாசல் மிதிக்கமாட்டன் எண்டிட்டார். அது பிழையெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? மகனும், அப்பா வராமல் கலியாணம் இல்லை எண்டு நிக்கிறான். நடுவில கிடந்து இழுபடுறது நான்.

போன மாசம் நிஷாந்த் தன்ர பிளாற்றுக்கு எல்லாரையும் கூப்பிட்டவன், ஆளுக்கொரு கறியோட வாங்கோ எண்டு. இவர் வரேல்லை. அண்டைக்கெண்டு பாத்து வெள்ளிக்கிழமை, சந்துனி வீட்டுக்குப் போயா, பௌர்ணமி விரதம், எங்களுக்குத் தவக்காலம், அவன்ர சினேகிதன் றிஸ்வி வீட்டுக்கு நோன்பு. போயாவுக்குச் சந்துனியின்ர அம்மா மச்சம் மாமிசம் தொடமாட்டா எண்டு நான் பருப்புக் காய்ச்சினன். எங்களுக்குத் தவக்காலம் எண்டு அவவும் பருப்பு. பக்கத்து வீட்டுக் கலாவதி அக்கா வெள்ளிக்கிழமை சைவம் எண்டு றிஸ்வியின்ர மனுசியும் பருப்பு. கலாவதி அக்காவைக் கேக்கவே வேண்டாம். மூடியைத் திறக்கத் திறக்க மஞ்சள். சந்துனியின்ர அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்ச சிரிப்பில எனக்குக் கண்ணீரே வந்திட்டுது. நல்ல சனம் தங்கச்சி.

வீட்ட வந்து இவருக்குச் சொன்னன். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கேட்டவர். கடைசியில, இவ்வளவு பேருக்கு ஒரு மீன்துண்டு இல்லாமலோ எண்டார். அவ்வளவுதான். இண்டைக்கு விடிய எழும்பிப் போய் விளைமீன் வாங்கி வந்து, தானே குழம்பு வைச்சவர். நீ கொண்டு போ எண்டார். பாரம், எனக்குத் தூக்க ஏலாது எண்டன். சரி, பஸ் ஸ்ரொப் மட்டும் தூக்கித் தாறன் எண்டார்.

ஐயோ, திரும்பிப் பாக்காதைங்கோ தங்கச்சி. கடைசி சீற்றில சட்டியை மடியில வைச்சுக்கொண்டு, என்னைத் தெரியாத ஆள் மாதிரி யன்னலுக்கால பாத்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் பாக்கிறதைக் கண்டால் இறங்கிப் போயிடுவார். இன்னும் ரெண்டு ஸ்ரொப் கிடக்கு.