மஞ்சள் கல் பாதை

— பள்ளம் வெட்டுனது யாருன்னு கேட்டா ஆளாளுக்கு அடுத்த ஆபீஸக் கைகாட்றான். இன்னா டீச்சர் இது? அம்மாம் பெரிய யூனிவர்சிட்டி, ஒரு பள்ளத்துக்கு ஓனர் இல்லியா?

— கேபிள் போட வெட்டுனது கம்ப்யூட்டர் சென்டர், பாய். கண்ணு தெரியாதவங்க கோலால தடவி நடக்க மஞ்சக் கல்லு பதிச்சது சிவில் செக்‌ஷன். கல்லு வழியா வெட்டப் போறோம்னு இவங்க அவங்ககிட்ட சொல்லல.

— ஒரே காம்பவுண்டுலதான குந்திகினு கீறாங்க?

— ஒரே மாடி, பாய். எதிரெதிர் ரூம்.

— சர்தான்! வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி? அவனுக்கும் கண்ணு தெரியாதா?

— அவங்க சும்மா இருக்கல. பக்கத்துல ஒரு போர்டு வெச்சிருந்தாங்க. ‘பள்ளம், கவனமாகச் செல்லவும்’னு.

— போர்டா? பொறந்ததுலேர்ந்து கண்ணு தெரியாத பொண்ணுக்குப் போர்டா? டீச்சர், நான் புதுப்பட்டினம் மார்க்கெட்டுல பாத்திரம் விக்கிறவன். வாய்ல நல்லா வருது, வூட்டுக்கு வந்தவங்களாச்சேன்னு பாக்குறேன்.

— திட்டுங்க, பாய். திட்டு வாங்கத்தான் வந்தேன்.

— அத்தா, மேடத்த வுடு. அவங்க இன்னா பண்ணுவாங்க?

— நீ ஏன்மா எழுந்து வர்ற, ருக்சானா? கை வலிக்கலையா?

— கட்டு போட்ட கை வலிக்கல மேடம். விரலுதான் மரத்துப் போய்க் கீது. நேத்து பிரெய்ல் புக்க எடுத்துத் தடவுனேன். எல்லாமே வழவழன்னு சுவரு மாதிரி கீது.

— டாக்டர் இன்னா சொல்றாரு தெரியுமா டீச்சர்? விரலு பழையபடி ஆவலாம், ஆவாமயும் போவலாமாம். இவளுக்கு அந்த விரலுதான கண்ணு?

— தெரியும், பாய். அவர் அதச் சொன்னப்ப நானும் அங்கதானே நின்னேன். அன்னிக்கிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல.

— என் தப்புதான் மேடம். கோலத் தட்டிப் பாத்தேன். பள்ளத்து மேல பலகை போட்டிருந்தாங்க போல, டொக்குன்னு சத்தம் வந்துச்சு. தரைன்னு நெனச்சுக் கால வெச்சேன், சாஞ்சுடுச்சு.

— உன் தப்பு எங்கேருந்தும்மா வந்துது?

— அத வுடுங்க. இன்னிக்கு மீட்டிங்கு இன்னாச்சு? அத்தா வாக்கு குடுத்துக் கீறாரு. பள்ளத்த மூடி, பாதைக்கு ஒரு ஆளு பொறுப்புன்னு எழுதிக் குடுத்தா திரும்ப அனுப்புறேன்னாரு. இல்லாட்டி நான் வூட்டோட இருக்கணும்.

— ஆமா டீச்சர். பொறுப்புக்கு ஒரு பேரு சொல்லுங்க. அனுப்புறேன்.

— எல்லாரும் வந்தாங்கம்மா.

— எல்லாருமா? சிவிலு, எலக்ட்ரிகலு, லைப்ரரி, தோட்டம்…?

— எல்லாரும். இந்தப் பாதைக்காக ரெண்டு வருஷமா கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டத் தண்ணி வத்திப்போச்சு. ஒருத்தர் வந்தா ஒருத்தர் வரமாட்டாங்க. இன்னிக்கு நேரத்துக்கு முன்னாடியே வந்து உட்காந்துட்டாங்க.

— பாத்தியா அத்தா! நான் சொன்னேன்ல?

— இரு, புள்ள. டீச்சர் மூஞ்சி சரியில்ல. இன்னா முடிவு பண்ணாங்க டீச்சர்?

— பள்ளத்த மூடிடுவாங்க.

— பாதைக்கு யாரு பொறுப்பு?

— யாருமே ஏத்துக்கல, பாய். இனிமே யார் எங்க தோண்டுவாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்னு சிவில்காரங்க கேட்டாங்க. கேஸாயிடுச்சுன்னா நாங்க ஏன் மாட்டணும்னு மத்தவங்க. கடைசியில எல்லாரும் ஒரே மனசா கையெழுத்துப் போட்டாங்க.

— இன்னான்னு?

— கல்லப் பேத்து எடுத்துடறதுன்னு. ருக்சானா வரணும்னா துணைக்கு ஒரு ஆளோடதான் வரணும்னு.

— அட அல்லா! பதிக்கிறதுக்கு எவ்ளோ நாளு இழுத்தடிச்சாங்க? பேக்குறதுக்கு?

— வர்ற திங்கக்கிழம.

— மேடம்.

— சொல்லும்மா.

— கல்லு வர்றதுக்கு முன்ன எல்லாத்துக்கும் கூடப் படிக்கிற சஹானா கையப் புடிச்சுக்கினு போவேன். அவளுக்கு எப்ப பசிக்குதோ அப்பதான் எனக்கும் பசிக்கணும். கல்லு போட்டப்புறம் ஒரு நாளு தனியா கேன்டீனுக்குப் போயி டீ குடிச்சேன். ஆறிப்போன டீதான். குடிச்சிக்கினே அழுதுட்டேன். யாரு கையும் புடிக்காம நான் நடந்தது அது மேல மட்டுந்தான் மேடம். இந்த வூட்ல கூட அத்தா தனியா நடக்க வுடமாட்டாரு.

— ருக்சானா…

— நீங்க சண்ட போட்டிருப்பீங்க, எனக்குத் தெரியும். ஏழெட்டுப் பேரு நடுவுல ஒத்த ஆளா இன்னா பண்ண முடியும்? யாருன்னு மட்டும் சொல்லுங்க. எடுத்துடலாம்னு மொதல்ல வாயத் தொறந்தது அந்த சிவில் இன்ஜினியருதான?

— இல்லம்மா.

— பின்ன கம்ப்யூட்டர் சென்டரா?

— அவங்க யாரும் இல்லம்மா. இன்னொரு தடவ உன்னப் பள்ளத்துலேருந்து தூக்க எனக்குத் தெம்பு இல்ல. மொதல்ல சொன்னது நான்தான்.