மேடை யார் உயரத்துக்கு?

ஷ்ரேயா: மாமி, இந்த டேப்போட நுனியைக் கொஞ்சம் பிடிச்சுக்கறேளா... ஜன்னல் ஓரமா.

விசாலாக்ஷி: பிடிச்சுண்டேன். இப்பல்லாம் லேசர்ல அளக்கறான்னு சொன்னாளே?

ஷ்ரேயா: லேசர் எங்க சைதாப்பேட்டை பட்டறைல தங்கவேல்கிட்ட இருக்கு. “இன்னாத்துக்கு மேடம் நீ போற, நானே அளந்துக்கினு வரேன்”னார். நான்தான் வேண்டாம்னுட்டேன். மயிலாப்பூர் அடுக்களைன்னா டிசைன் பண்றவளே வந்து பாத்தாதான் சரியா வரும்... பத்தடி மூணு அங்குலம். மேடை யார் உயரத்துக்குப் போடணும் மாமி?

விசாலாக்ஷி: மேடைக்குன்னு ஒரு உயரம்தானே?

ஷ்ரேயா: இல்லே. சமைக்கறவா முழங்கைக்கு அரைச் சாண் கீழ வரணும். இல்லேன்னா முதுகு போயிடும். இந்த ஆத்துல யார் சமைக்கறா?

விசாலாக்ஷி: அப்போ அச்யுத் உயரத்துக்குப் போடு. அஞ்சடி பதினோரு அங்குலம்.

ஷ்ரேயா: யாரு... பையனா?

விசாலாக்ஷி: ஏன், பையன் சமைச்சா மேடை ஒத்துக்காதா?

ஷ்ரேயா: அதில்லே... தினம் சமைப்பாரா? இல்லே, ஞாயித்துக்கிழமை பாஸ்தா பண்ணி ஃபோட்டோ போடற ரகமா?

விசாலாக்ஷி: எஸ்டிமேட்டுக்கு இதெல்லாம் வேணுமா?

ஷ்ரேயா: கண்டிப்பா. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கதவைத் திறக்கறான்னு பாத்துதான் கீல் போடுவோம்.

விசாலாக்ஷி: கார்த்தால குழம்பு, ரசம் அவன்தான். சாயங்காலம் ஆபீஸ்லேர்ந்து வரச்சே காயும் வாங்கிண்டு வருவான்.

ஷ்ரேயா: சமைச்சப்புறம் மேடையைத் துடைப்பாரா?

விசாலாக்ஷி: இதுவும் கீலுக்கா?

ஷ்ரேயா: மேடை ஓரம் ஊறுமேன்னு கேக்கறேன்.

விசாலாக்ஷி: துடைப்பான். துணியை மட்டும் பிழியாம அப்படியே போட்டுட்டுப் போயிடுவான்.

ஷ்ரேயா: அது பரவால்லே... எழுதிக்கறேன்.

விசாலாக்ஷி: எதை?

ஷ்ரேயா: ஈரத்தை. வாட்டர்ப்ரூஃப் ப்ளைவுட் போடணும்.

விசாலாக்ஷி: செத்த உக்காரு, காபி போடறேன். சக்கரை... இங்கதான் இருக்கணும்... இது பெருங்காயம்...

ஷ்ரேயா: அது நாலாவது டப்பா மாமி.

விசாலாக்ஷி: இரு, இரு... இந்த டிராயர்ல... இது ஸ்க்ரூடிரைவர்னா.

ஷ்ரேயா: வருத்தப்படாதீங்கோ. சொந்த அடுக்களைல சக்கரை கிடைக்கலேன்னா தப்பு அலமாரி மேலதான். காபிப்பொடி, சக்கரைக்குன்னு தனியா ஒரு டிராயர் போட்டுடறேன்.

விசாலாக்ஷி: போடு. ஸ்க்ரூடிரைவருக்கும் ஒண்ணு.

ஷ்ரேயா: அடுத்தது அச்யுத்தோட வார்ட்ரோப். துணியை மடிச்சு வெப்பாரா, ஹேங்கரா, இல்லே... நாற்காலி மேல குவியலா?

விசாலாக்ஷி: நாற்காலி.

ஷ்ரேயா: எத்தனை நாள் குவியல்?

விசாலாக்ஷி: புதன்கிழமை வரைக்கும் தாங்கும். அப்புறம் சரிஞ்சுடும். அவனே உக்காந்து மடிச்சுடுவான்.

ஷ்ரேயா: கோவம் வந்தா கதவை அறைஞ்சு சாத்துவாரா? மெதுவா மூடற கீலா, சாதா கீலான்னு...

விசாலாக்ஷி: கோவம் வந்தா மொட்டை மாடிக்குப் போயிடுவான். கதவைத் தொடமாட்டான்.

ஷ்ரேயா: அப்போ சாதாவே போதும். உள்ள ரெண்டு பேருக்கு எடம் விடணும் இல்லையா... யாராவது ஏற்கெனவே மனசுல... அதாவது, யாரோட துணிக்காவது...?

விசாலாக்ஷி: யாரும் இல்லே. புடவை தொங்கப் போட எடம் விடு.

ஷ்ரேயா: விட்டாச்சு. கடைசியா ஒண்ணு. உத்திரட்டாதி மூணாம் பாதமா, நாலாம் பாதமா? அந்த ஜெராக்ஸ்ல கறுப்பா விழுந்திருக்கு...

விசாலாக்ஷி: அலமாரிக்கு எதுக்கும்மா நட்சத்திரம்?

ஷ்ரேயா: கலர்... கலர் பாக்கறதுக்கு.

விசாலாக்ஷி: மூணாம் பாதத்துக்கு என்ன கலர்?

ஷ்ரேயா: இளம்பச்சை.

விசாலாக்ஷி: நாலாம் பாதத்துக்கு?

ஷ்ரேயா: மாமி... என்னை மன்னிச்சுடுங்கோ. நான் அலமாரி டிசைனர்ங்கறது நிஜம். ஆனா நிரஞ்சனா என் தங்கை. வர ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வரதா இருக்கேளே, அவ.

விசாலாக்ஷி: அதுக்கு டேப்பைத் தூக்கிண்டு வரணுமா?

ஷ்ரேயா: எனக்கு வரன் பேசறச்சே, மாப்பிள்ளை நன்னா சமைப்பார்னா. நம்பினேன். ஆறு வருஷமாச்சு... வெந்நீர் வெக்கணும்னா என்னை எழுப்பறார். இவளாவது ஏமாறக்கூடாது, நேர்ல போய்ப் பாத்துடலாம்னு... அப்பாவுக்குக்கூடத் தெரியாது. என்னால இந்தச் சம்பந்தம் கெட்டுப் போயிடக் கூடாது மாமி.

விசாலாக்ஷி: கெடாது. எங்களுக்கு முன்னாடியே தெரியும். ஃப்ரீயா அளவெடுக்க வரேன்னு நீ ஃபோன் பண்ணின நம்பரும், உன் தங்கை ஜாதகத்துக்கு அடில எழுதியிருந்த நம்பரும் ஒண்ணு.

ஷ்ரேயா: தெரிஞ்சுண்டேவா ஒரு மணி நேரம் டேப்பைப் பிடிச்சுண்டிருந்தேள்? அப்போ குழம்பு, ரசம் எல்லாம்... எனக்காகச் சொன்னதா?

விசாலாக்ஷி: அதெல்லாம் சத்தியம். அவன் வெக்கற ரசம் தினம் எங்காத்துக்கும் ஒரு கிண்ணம் வரது.

ஷ்ரேயா: உங்காத்துக்கா... அப்போ இது?

விசாலாக்ஷி: இது அலமேலுவாத்து அடுக்களை. அச்யுத்தோட அம்மா. நான் எதிர் ஃப்ளாட், பதினோரு வருஷமா.

ஷ்ரேயா: நீங்க... அம்மா இல்லையா? அவா எங்க?

விசாலாக்ஷி: கார்த்தாலயே அசோக் நகருக்கு, உங்கப்பாவாத்துக்குப் போயிட்டா. அங்க நீ செஞ்சு குடுத்த அலமாரியை சாம்பிள் பாக்கணும்னு சொல்லிண்டு. இப்பத்தான் மெசேஜ் வந்தது, படிக்கறேன் கேளு... “பொண்ணை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அடுக்களை அலமாரிக் கதவு என் கையோட வந்துடுத்து. அவ அக்காவைக் காபி குடுத்து அனுப்பிடு, அலமாரிக்கு மட்டும் வேற ஆளைப் பாத்துக்கலாம்.”