யுசாரிகா இளவரசியின் ஒற்றைப் பக்கம்

நோர்வேயில் நாங்கள் இருக்கும் புருசெத்தில் ஒரு தமிழ்க் குழந்தை பிறந்தால், சொந்தக்காரருக்கு அடுத்தபடி எனக்குத்தான் தொலைபேசி வரும். கல்யாண அழைப்பிதழ் அச்சடிப்பது என் தொழில். பிள்ளைகளுக்குப் பெயர் தேடிக் கொடுப்பது சேவை.

இருபத்துமூன்று வருடங்களுக்கு முன் தங்கேஸ்வரி கைக்குழந்தையோடு வந்தார். கேட்டை நட்சத்திரம், 'யு'வில் தொடங்க வேண்டும்.

"ஸ்ரீதரன் அண்ணை, நோர்வேயிலை ஒருத்தருக்கும் இருக்கக் கூடாது. ஆனா ஆரும் கேட்டால் சொல்ல ஒரு கதை இருக்கோணும்."

யுசாரிகா என்றேன். பழைய ஜப்பானிய இளவரசி ஒருத்தியின் பெயர் என்றும் சொன்னேன். தேநீர் ஆறுவதற்குள் இரண்டையும் நானே உண்டாக்கினேன். தாயின் முகம் மலர்ந்தது. அதில் என்ன தவறு?

அந்தப் பிள்ளை வளர்ந்து வரலாறு படிக்கப் போனதுதான் தவறு. முதுகலை ஆய்வுக்குத் தன் பெயரின் மூலத்தையே எடுத்துக்கொண்டாள். ஓராண்டு தேடியும் இளவரசி அகப்படவில்லை.

"மாமா, நீங்கள் எங்கை பாத்தனீங்கள்? லீசா தலைப்பை மாத்தச் சொல்லுறா," என்று என் கடைக்கு வந்து அழுதாள். லீசா அவளுடைய பேராசிரியை.

பிள்ளை அழ, பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அழைப்பிதழ்த் தாளைத் தேயிலைச் சாயத்தில் நனைத்தேன். ஜப்பானிய எழுத்துகளை ஒரு வாரம் வரைந்து பழகி, அரச வம்சாவளிப் பக்கம் ஒன்றைச் செய்து கொடுத்தேன். எவ்வளவு சந்தோஷப்பட்டாள் தெரியுமா.

அவள் ஆய்வில் சேர்த்த அந்தப் பக்கம் போலி என்று பிறகு தெரிந்தது. பல்கலைக்கழக விசாரணைக் குழுவினரான நீங்கள் என்னை அழைத்துக் கேட்டபோது, நான் எதையும் கொடுக்கவில்லை என்றேன்.

எதிரே இருந்த யுசாரிகா என்னைப் பார்த்தாள். "உங்கடை கையாலைதானே மாமா தந்தனீங்கள்?"

"பாவம், படிப்புச் சுமை," என்று உங்களிடம் சொன்னேன். அன்று மூன்று தாய்மார் பெயருக்காகக் காத்திருந்தார்கள். அவர்களையும் நான் பார்க்க வேண்டுமல்லவா? நீங்கள் அவளைப் படிப்பிலிருந்து ஒரு வருடம் நீக்கினீர்கள்.

நேற்று தங்கேஸ்வரி உங்கள் அறிக்கையை என் மேசையில் எறிந்துவிட்டுப் போனார். "வாசியுங்கோ," என்ற ஒரு சொல்தான். வாசித்தேன். நிபுணர் இருவரை ஒரு மாதம் ஏமாற்றிய அபாரமான கைவேலை, மாணவியே செய்தது, என்று நாலாம் பக்கத்தில் இருந்தது.

மனச்சாட்சி உறுத்தியது, அதனால் இதை எழுதுகிறேன். அவளை மீண்டும் சேர்ப்பது உங்கள் விருப்பம். அந்த நாலாம் பக்கத்தில் மட்டும் அவள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தில் இருந்தால் நல்லது.